இருமுங்கோ

நம்பர் எழுபத்திமூண்டு.
வாங்கில என்னோட நாலு பொம்பிளையள்.
என்ன வருத்தமெண்டு பக்கத்தில இருந்தவ கேட்டா.
நாரிப்பிடிப்பு எண்டன்.
தனக்கும் நாரிப்பிடிப்புத்தான் எண்டா,
கைப்பையை மடியில இறுக்கிப் பிடிச்சபடி.
பெரியாஸ்பத்திரியின்ர இந்த நடையில
எல்லாருக்கும் நாரிப்பிடிப்புத்தான்.

பதினொரு வரியமா எனக்கு அடி இறங்குது.
விடியவில ஒண்டுமில்லை.
பாசையூர்ச் சந்தையில மூண்டாவது ஐஸ்பெட்டி தூக்கேக்க
முட்டை மாதிரி ஒண்டு வாசலுக்கு வரும்.
இரவு படுத்தால்
நண்டு வளைக்குள்ள போறமாதிரிப் போயிடும்.
மூத்திரம் போக விரலால தள்ளிப் பிடிக்கவேணும்.
இதை எழுதக் கை கூசுது.
கூசட்டும்.

என்ர மனிசனுக்குச் சொல்லேல்லை.
தவக்காலம் முடிஞ்சும் எனக்கு மட்டும்
தவக்காலம் முடியேல்லை எண்டு
சூசைநாயகம் நினைச்சிருக்கும்.

திரைக்கு அங்கால கட்டில்.
டொக்டருக்கு என்ர கடைசிப் பெட்டையின்ர வயசு.
"இருமுங்கோ அம்மா."
இருமினன்.
"இன்னும் பலமா."
நான் இருமினதை ஒராள் குனிஞ்சு கவனிச்சது
பிறந்ததுக்கு இதுதான் முதல்தரம்.

பிள்ளையள் எத்தினை?
நாலு.
ரண்டாவது தொண்ணூற்றைஞ்சில,
இடம்பெயர்ந்து போன இடத்தில,
மிருசுவிலில ஒரு வகுப்பறையில.
கரும்பலகையில ஆரோ செய்து முடிக்காத கணக்கு.
நாலாம் நாள் தண்ணி வாளி தூக்கினன்.
அவ எழுதினது:
சாதாரணப் பிரசவம்.

பிறகு ஆறுதலாச் சொன்னா.
மூத்திரத்தை மறிக்கிறமாதிரி உள்ளுக்கு இழுத்து,
பத்து எண்ணி, விடவேணும்.
பத்துத்தரம். நாளுக்கு மூண்டு வேளை.
மாசக்கணக்கா விடாமல் செய்யவேணும்,
உங்கட அளவு இறக்கத்துக்கு அது மட்டும் காணாது.
ஒப்பரேசனும் இருக்கு:
கருப்பையை எடுத்துப்போட்டுத் தளர்ந்ததைத் தைச்சு இறுக்கலாம்,
எடுக்காமல் உயர்த்திக் கட்டவும் ஏலும்.
"பிறகு இறங்காதோ?"
"சிலபேருக்குத் திரும்ப இறங்கும்."
பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.
"கரைச்சல் இல்லையெண்டால்
ஒண்டும் செய்யாமலும் விடலாம் அம்மா."
கரைச்சல் இல்லாமலோ
ஒருநாள் வியாபாரத்தை விட்டிட்டு வந்து
இஞ்ச காலை விரிச்சுக்கொண்டு கிடக்கிறன்?

கடைசியா லாச்சியைத் திறந்து
ஒரு வளையத்தை எடுத்துக் காட்டினா.
எனக்குச் சிரிப்பு வந்திட்டுது.
வலையில கட்டுற மிதப்பு!
சிலிக்கனாம். மடிச்சு உள்ளுக்கு வைக்க
அங்க விரிஞ்சு தாங்குமாம்.
இருவது வரியமா வலை பொத்தின கைக்கு
தாங்கிறதெண்டால் என்னெண்டு
ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.
உதை வையுங்கோ எண்டன்.

முதல் வளையம் மூண்டாம் நாள்
கக்கூசுக்குள்ள விழுந்திட்டுது.
அழுதன். கழுவினன்.
சொப்பிங் பையில சுத்திக்கொண்டு திரும்பப் போனன்.
அடுத்த சைஸ் நிண்டுது.
மூண்டு மாசத்துக்கொருக்கா காட்டவேணும்,
பூசக் கிறீம் இருக்கு,
முக்கக்கூடாது, கீரை தின்னவேணும்,
முழுப்பெட்டி தூக்கக்கூடாது.
பெட்டியைப் பாதியா நிரப்பு எண்டு மகனுக்குச் சொன்னன்.
ஏனெண்டான்.
நாரிப்பிடிப்பு எண்டு வாய் வந்து,
நிண்டு,
"அடி இறங்குதடா" எண்டன்.
அவன் ஐஸைப் பாத்துக்கொண்டு நிண்டான்.
பிறகு மற்றப்பக்கத்தை வந்து பிடிச்சான்.

ஒப்பரேசனைப் பற்றி இன்னும் யோசிக்கிறன்.
மழைக்காலத்தில, கடல் மூடிக் கிடக்கேக்க
செய்யலாமோ தெரியாது.

ஞாயிறு பூசையில சுவாமி பிரசங்கம் வைக்க
நான் உள்ளுக்கு இழுத்து எண்ணிறன்.
ஏழு, எட்டு.
முன்வாங்கில டெல்பினாக்கு இருமல்.
ஒவ்வொரு இருமலுக்கும்
ஒரு கையால வாயைப் பொத்திறா,
மற்றக் கையால
சீலையை அடிவயித்தோட அமத்திறா.
ஒன்பது.
பூசை முடியட்டும்,
வாசலில வைச்சு மறிக்கிறன்.